பக்கத்து வீட்டுக் கிளி

அந்தக் கிளி யாருடையது என்று நான் கேட்டிருக்க வேண்டுமா?

எனக்கு இன்றுவரை விடை தெரியாத கேள்வி இது. புதிதாகக் கால்நடை மருத்துவப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது அனுபவம் எழுதித் தரச் சொன்னபோது முதலில் மறுத்துவிட்டேன். இப்படி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்ற பெரிய மருத்துவர்கள். மூன்று தலைமுறை மாடுகளுக்குப் பிரசவம் பார்த்தவர்கள். நானோ பிள்ளைப்பேற்று விடுப்பில் இருப்பவள். இரண்டாவது குழந்தை மடியில் தூங்க, ஒரு கையால் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். இதை அரை ஓய்வு என்று வைத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் விடை தெரிந்தவற்றை எழுதுவார்கள். நான் தெரியாததை எழுதுகிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன். ஊர் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே எங்கோ இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

மாசி மாதம். அறுவடை நேரத்தில் பெய்யக் கூடாத மழை பெய்து ஓய்ந்திருந்தது. அப்போது எனக்கு ஏழாம் மாதம். மூத்தவளை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கால்நடை மருந்தகத்துக்கு வந்தால், வாசலில் வரிசையாக ஆடுகள். ஈர நெல்லை மேய்ந்துவிட்டு வயிறு உப்பி நின்றன. உதவியாளர் அன்று விடுப்பு. நான் ஒருத்திதான்.

கூட்டத்துக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், கறுப்பு பர்தா அணிந்த ஒரு பெண் கட்டைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். கோழியாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு முறை கூப்பிட்டேன்.

"மத்தவங்க போகட்டும் டாக்டர். எனக்கு அவசரமில்ல," என்றார்.

அவசரமில்லை என்று சொன்னவரின் முகம் அப்படிச் சொல்லவில்லை. மூன்றாவது ஆட்டுக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தபோது, அந்தப் பையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. நகத்தால் தகரத்தைத் தட்டுவதுபோல, விட்டு விட்டு. அது மூச்சு என்று எனக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் ஆட்டுக்காரரிடம் குப்பியைக் கொடுத்துவிட்டு அவரை உள்ளே அழைத்தேன்.

பையைத் திறந்தால் கம்பிக் கூண்டு, மேலே ஒரு துப்பட்டா. துப்பட்டாவை விலக்கினால் பச்சைக்கிளி. கழுத்தில் செந்நிற வளையம் போட்ட ஆண் கிளி. கம்பின் மேல் உட்கார முடியாமல் கூண்டின் தரையில் கிடந்தது. இறகுகள் உப்பியிருந்தன. அலகு திறந்தே இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கியது. உடம்பு முழுவதும் மூச்சு விடுவதற்காகவே பாடுபடுவதுபோல் இருந்தது.

நான் எதுவும் கேட்பதற்கு முன் அவரே சொன்னார்: "எங்களோடது இல்ல டாக்டர். காலைல கொல்லையில விழுந்து கெடந்துச்சு. பாவமா இருந்துச்சு, தூக்கிட்டு வந்தேன்."

பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். உங்களுக்கு இது பாடம். ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் கிளிக்கு என்ன வந்தாலும் நம்மிடம் வருவதில்லை. அபூர்வமாக வந்தால் இப்படித்தான் வருவார்கள், "கொல்லையில கெடந்துச்சு" என்று. அந்த மாதம்தான் பக்கத்து ஊர்க் கடைத்தெருவில் ஒரு வீட்டிலிருந்து வனத்துறையினர் கிளிகளை எடுத்துப் போயிருந்தார்கள். பேச்சு ஊரெங்கும் பரவியிருந்தது. அரசுச் சம்பளம் வாங்குகிற என் முன்னால் அந்தக் கூண்டை வைக்க அவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது யோசிக்கவில்லை. அப்போது நான் பார்த்தது கிளியின் வலது காலை. ஒரு நகத்தில் மட்டும் ரோஸ் நிற நெயில் பாலிஷ்.

கொல்லையில் விழுந்த கிளி அது இல்லை. எங்கோ ஒரு சின்னப் பெண் அதன் காலைப் பிடித்துப் பொறுமையாகப் பாலிஷ் போட்டிருக்கிறாள். அதுவும் பொறுமையாகக் காட்டியிருக்கிறது.

நான் கேட்கவில்லை. பெயரை மட்டும் கேட்டேன். ஜமீலா என்றார்.

கிளியை வெளியே எடுத்து நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கக் கூண்டின் கதவைத் திறந்தேன். நாம் படித்தது அப்படித்தான்: பார், தொடு, கேள். ஆனால் பறவை என்றால் எனக்குக் கோழியும் வாத்தும்தான். கை உள்ளே போன பிறகு சந்தேகம் வந்தது. கையை வெளியே இழுத்துக்கொண்டு, சென்னையில் பறவைகளுக்கே மருத்துவம் பார்க்கிற என் வகுப்புத் தோழிக்கு அழைத்தேன். நிலைமையைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் கத்தினாள்.

"தொட்டுட்டியா?"

"இல்லடி. தொடப் போனேன்."

"கைய எடு. மூச்சு முட்டுற பறவையப் புடிச்சேன்னா புடிச்ச கையிலயே போயிடும்."

"அப்ப எக்ஸாமின் பண்ண வேணாமா?"

"பண்ணு. நாளைக்கு உசுரோட இருந்தா பண்ணு. இப்ப இருட்டு, சூடு, ஆக்சிஜன். இந்த மூணு போதும். ஆக்சிஜன் இருக்கா?"

"இங்க ஃபேனே ஒண்ணுதான் ஓடுது."

"அப்ப எங்கயாவது தேடு. மாட்டு டாக்டர் மாதிரி ஊசிய எடுத்துக்கிட்டு நிக்காத." கடைசி வரி அன்போடு சொன்னதுதான்.

ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பலாமா என்று நினைத்தேன். மனிதர்களுக்கான ஆக்சிஜனைக் கிளிக்குக் கேட்டு யார் போய் நிற்பது? கேட்டால் முதல் கேள்வியே யாருடைய கிளி என்பதுதான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். சாலைக்கு எதிர்ப்புறம் செல்வத்தின் கடை. குளம் வைத்திருப்பவர்களுக்கு மீன் குஞ்சு விற்பவர். கட்லா, ரோகு, புல்கெண்டைக் குஞ்சுகளைத் தண்ணீரோடு பாலித்தீன் பையில் விட்டு, மீதிப் பை முழுக்க ஆக்சிஜன் அடைத்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டித் தருவார். அதற்காக ஆள் உயர உருளை ஒன்று கடை வாசலில் எப்போதும் நிற்கும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் மருந்தகத்தைத் திறக்கிறேன். அன்றுதான் அது கண்ணில் பட்டது.

வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"கிளிக்கா?" என்றார் செல்வம். "டாக்டரம்மா, கெண்டைக்கு அடிப்பேன், கட்லாவுக்கு அடிப்பேன். கிளிக்கு அடிச்சதில்லயே. செத்துக்கித்துப் போச்சுன்னா என் கடைப் பேரு கெட்டுடும்."

"செத்தா என் பேருதான் கெடும். உருட்டிக்கிட்டு வாங்க."

சிரித்துக்கொண்டே உருளையைச் சாய்த்து உருட்டினார். அவர் சாலையைக் கடந்து வருவதற்குள் என் மனத்தில் ஓடியதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அது மருத்துவ ஆக்சிஜன் அல்ல. வெல்டிங் பட்டறைக்குப் போகிற அதே உருளை. பாடப் புத்தகத்தில் இதற்கு அனுமதி இல்லை. நாளை யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? மீன் குஞ்சுகள் அதில்தான் பட்டுக்கோட்டை வரை உயிரோடு போகின்றன என்பதா? அது ஒரு பதிலா? திரும்பிப் பார்த்தேன். வால் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முன்னைவிட மெதுவாக. மெதுவானது குணமானதால் அல்ல, களைப்பினால்.

"வையுங்க," என்றேன்.

இளையவர்களே, நெருக்கடியில் சரியான பொருள் கையில் இருக்காது. இருக்கிற பொருளைச் சரியாக விடுவது மட்டும்தான் நம் கையில் இருக்கும். இது பாடமா, என் சமாதானமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

செல்வத்திடமிருந்த பெரிய பாலித்தீன் பை ஒன்றைக் கூண்டின் மேல் கவிழ்த்தோம். அடியில் குழாயைச் சொருகி, மேலே மூச்சு வெளியேற வாய் விட்டு, மருந்து வைக்கும் இருட்டறையில் வைத்தோம். செல்வம் உருளையின் திருகை மிக மெல்லத் திறந்தார். வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவரை அணைக்கச் சொல்லி விரட்டினேன். பிறகு கதவைச் சாத்தினேன்.

இனி ஒன்றும் செய்யக் கூடாது. அதுதான் கடினம். கைகளுக்கு வேலை இல்லாதபோது நாம் மருத்துவரே இல்லை என்று தோன்றிவிடும். வெளியே போய் ஆடுகளைப் பார்த்தேன். வரிசையில் காத்திருந்த ஒரு அம்மா சும்மா விடவில்லை.

"கறி இல்ல, முட்ட இல்ல, அதுக்குப் போயி கேஸ் சிலிண்டரா? என் ஆடு ரெண்டு மணி நேரமா நிக்குது. ஆடா பொறந்தது தப்புத்தான்."

"உங்க ஆடு இன்னும் பத்து மணி நேரம் நிக்கும்மா. அது நிக்காது."

"புள்ளத்தாச்சின்னு பாக்குறேன், இல்லன்னா நல்லா கேப்பேன்," என்றவர், தன் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். "உக்காந்துதான் பாருங்களேன். யாரு வேணாங்குறா?"

உட்கார்ந்துதான் பார்த்தேன்.

ஆடுகள் கலைந்த பிறகு இருட்டறை வாசலுக்கு வந்தேன். ஜமீலா கதவிடுக்கில் முகத்தை வைத்து, "மிட்டு… மிட்டும்மா…" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். காலையில் கொல்லையில் கிடந்த கிளிக்கு மதியத்துக்குள் பெயர் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. ஆனால் வேறொன்று கேட்டே ஆக வேண்டியிருந்தது. ஆக்சிஜன் நேரத்தைத்தான் வாங்கித் தரும், நோயைப் போக்காது. என்ன நோய் என்று தெரிய, இந்தக் கிளி எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, எங்கே இருந்தது, என்ன தின்றது, குரல் மாறியதா, எல்லாம் தெரிய வேண்டும். காலையில்தான் பார்த்தேன் என்று சொன்னவரிடம் எதைக் கேட்பது?

உங்களில் கண்டிப்பானவர்கள், "உண்மையச் சொன்னாத்தான் வைத்தியம்" என்று சொல்லியிருப்பீர்கள். எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அவர் கூண்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஆட்டோவில் ஏறுவதற்குள் கிளி இறந்துவிடும். பொய்யை உடைத்தால் கிளி போகும். உடைக்காவிட்டால் நோய் தெரியாது. அந்த வாசலில் நின்றபடி நான் பிடித்த வழியை இப்போதும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

"ஜமீலா, இந்தக் கிளியப் பத்தி உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சரி."

"ஆமா டாக்டர்."

"கிளி வளக்குற வீடு எதாச்சும் தெரியுமா உங்களுக்கு? பக்கத்து வீடு, எதிர் வீடுன்னு. அங்க எப்படி வளக்குறாங்கன்னு சொன்னீங்கன்னா எனக்கு ஒரு பிடி கெடைக்கும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கேள்வியில் பொறி இருக்கிறதா என்று தேடுகிற பார்வை. நான் கதவிடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பக்கத்து வீட்டுல ஒண்ணு இருக்கு டாக்டர்," என்றார் மெல்ல.

"என்ன குடுக்குறாங்க அதுக்கு?"

"ஊற வச்ச கடல. கொய்யாப்பழம். பால் சோறு. அந்த வீட்டுப் புள்ள பிஸ்கெட்டுக் குடுக்கும், அவங்கம்மா திட்டுவாங்க."

"பேசுமா?"

"நல்லாப் பேசும். பேசிக்கிட்டிருந்துச்சு. அவங்க வீட்டுக்காரரு சவூதியில இருக்காரு. சாயந்தரமானா வீடியோ கால் வரும். போனு அடிச்சா போதும், வீட்டுல இருக்கற எல்லாருக்கும் முன்னாடி அதுதான் கத்தும். 'அத்தா போனு! அத்தா போனு!' அந்தப் புள்ள ஓடியாரும். அவரும் அங்கேருந்து மொதல்ல கிளியத்தான் கேப்பாரு."

"இப்பக் கத்துறதில்லயா?"

"பத்துப் பன்னெண்டு நாளா சத்தம் கம்மியாச்சு. அப்பறம் கரகரன்னு வந்துச்சு, தொண்ட கட்டுன மாதிரி. இப்ப…" அவர் கூண்டிலிருந்து எடுத்த துப்பட்டாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "இப்ப போனு அடிச்சா வாயத் தொறக்குது டாக்டர். சத்தம் வரல."

குரல் முதலில் போய், மூச்சு பிறகு முட்டுகிறது. திடீரென்று வந்தது அல்ல, நாள்பட உள்ளே வளர்ந்தது. பறவையின் மூச்சுக்குழல் அடியில், குரல் பிறக்கிற இடத்தில், ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. பூஞ்சையாக இருக்கலாம். ஆனால் பூஞ்சை எங்கிருந்து வரும்?

"கூண்டு எங்க மாட்டியிருப்பாங்க?"

"ஹால்ல. ஃபேனுக்குப் பக்கத்துல."

"இந்தக் குளிர்ல ஃபேன் எதுக்குங்க?"

"நெல்லு காயுதுல்ல டாக்டர்," என்றார் அவர், மிக இயல்பாக.

இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். டெல்டாவில் அறுவடையில் மழை பிடித்துக்கொண்டால் நெல்லைக் காயவைக்க இடம் இருக்காது. சாலை ஈரம், களம் ஈரம். அப்போது வீட்டுக்குள் கொட்டுவார்கள். கூடத்து நாற்காலிகளைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு, தரை முழுக்க நெல்லைப் பரப்பி, இரவும் பகலும் ஃபேனைச் சுழலவிட்டு, காலால் அளைந்து அளைந்து புரட்டிவிடுவார்கள். அந்த வீட்டுக்குக் குத்தகை நெல் ஈரத்தோடு வந்திருந்தது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நெல்லாயிற்றே. நெல் நடுக்கூடத்தில் கிடப்பது இங்கே யாருக்கும் அசுத்தமாகத் தோன்றாது. லட்சுமி என்பார்கள் சிலர், பரக்கத் என்பார்கள் சிலர். காலில் ஒட்டிய நெல்லைக்கூடத் தட்டி உள்ளேயே போடுவார்கள். என் புகுந்த வீட்டிலும் அப்படித்தான்.

"நெல்லு நெறம் மாறியிருக்கா?"

"மேல நல்லாருக்கு. அடியில பச்ச பச்சையா, கறுப்பா. ஒரு மக்குன வாட. காலால தள்ளுனா பொடி பறக்கும்."

பொடி பறக்கும். ஃபேன் அதை மேலே தூக்கும். மேலே கூண்டு. கிளிக்கு நுரையீரல் மட்டுமல்ல, உடம்பெங்கும் காற்றுப் பைகள். மனிதர்களுக்கு இருமலோடு போவது அதன் உயிரையே வாங்கிவிடும்.

மனிதர்களுக்கு இருமல்.

அந்த இடத்தில் நான் கிளியை மறந்துவிட்டேன். கொஞ்ச நேரம்தான்.

"அந்த வீட்டுல ஒரு புள்ள இருக்குன்னீங்களே. அது எங்க படுக்கும்?"

"ரெண்டாங்கிளாஸ் படிக்குது டாக்டர். ரூம்ல கொசு. ஃபேனு ஹால்லதானே ஓடுது, அதனால நாங்க அங்கயே பாய…"

நின்றுவிட்டார். பக்கத்து வீடு எங்கள் இருவருக்கும் நடுவில் சரிந்து விழுந்ததுபோல் இருந்தது. அவர் பயந்து என்னைப் பார்த்தார். நான் அந்த வார்த்தை காதில் விழாததுபோலவே அடுத்ததைக் கேட்டேன்.

"இருமுதா?"

"ராத்திரில," என்றார். "மழக் குளிருன்னு நெனச்சேன் டாக்டர். கஷாயம் வச்சுக் குடுத்தேன். கொஞ்சம் இழுக்குது. நான்… கிளியத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தேன், புள்ளைய…"

"நான் மாட்டு டாக்டரு. மனுசங்களுக்கு வைத்தியம் சொல்லக் கூடாது. ஆனா எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு. இன்னிக்குச் சாயந்தரமே உங்க புள்ளைய டாக்டர்கிட்ட காட்டுங்க. நெல்லு விசயத்த அவருகிட்ட மறக்காமச் சொல்லுங்க. இன்னிக்கு ராத்திரி அந்த ஹால்ல யாரும் படுக்காதீங்க. கொசு கடிச்சாலும் பரவால்ல."

இருமுகிற மகளுக்குக் கஷாயம் கொடுத்துவிட்டு, குரல் போன கிளிக்காக ஓடி வந்தவர் என்று அவரைக் குறைவாக நினைத்துவிடாதீர்கள். குழந்தை இருமினால் எல்லாத் தாய்க்கும் ஒரு காரணம் தெரிந்திருக்கும்: மழை, ஐஸ், பள்ளிக்கூடம். கிளி ஊமையானால் காரணம் கிடைக்காது. காரணம் கிடைக்காததால்தான் அவர் பயந்தார். பயந்ததால் வந்தார். வந்ததால் இரண்டும் தெரிந்தது. என் மூத்தவளுக்கு மூச்சு இழுத்தபோது, மாமியார் சொன்ன காரணத்தை நம்பி ஒரு வாரம் சும்மா இருந்தவள் நான். படித்தவள் வேறு.

செல்வம் இருட்டறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "டாக்டரம்மா, அது வாய மூடிருச்சு. நல்லதா கெட்டதா?"

ஓடிப் போய்ப் பார்த்தேன். அலகு மூடியிருந்தது. வால் இன்னும் ஆடியது, ஆனால் முன்போல் அல்ல. பாலித்தீனுக்கு உள்ளிருந்து ஒரு கண் என்னை வெறுப்போடு பார்த்தது. வெறுப்பைப் பார்த்ததும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. சாகப்போகிற பிராணிக்கு நம்மை வெறுக்கத் தெம்பு இருக்காது.

"நல்லது," என்றேன்.

"அப்ப கட்லாவுக்கு அடுத்து கிளின்னு போர்டுல எழுதிரவா?" என்றார் செல்வம். ஜமீலா அழுதுகொண்டே சிரித்தார்.

மறுநாள் உயிரோடு இருந்தது. தோழி சொன்னபடி அன்றுதான் தொட்டேன். மருந்து மனிதர்களுக்கானதுதான். அளவு மட்டும் அவள் தராசில் நிறுத்துச் சொன்னதுபோல் துளித் துளியாகச் சொன்னாள். மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். ஜமீலா வாரம் ஒருமுறை வந்தார். சில நாள் கிளியோடு, சில நாள் மகளோடு. இருமல் நின்றிருந்த அந்தச் சின்னப் பெண்ணின் விரல்களில் அதே ரோஸ் நிறம் இருந்தது. நெல்லின் அடிப் பகுதியை வாத்துக்காரருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், குழியில் போட்டு மூடுங்கள் என்றேன். ஒவ்வொரு முறையும் எங்கள் பேச்சு ஒரே மாதிரிதான் தொடங்கும்.

"பக்கத்து வீட்டுக் கிளி எப்படி இருக்கு?"

"பரவால்லங்க டாக்டர். கம்புல ஏறி உக்காருதாம்."

"பேசுதாமா?"

"இல்லயாம்."

யாரோ சொன்னதுபோல ஒட்டிக்கொள்ளும் அந்த "-ஆம்" எங்கள் இருவருக்கும் நன்றாகப் பழகிவிட்டது. அதுதான் என் உறுத்தலும். உண்மையை வாங்குவதற்காக நான் அவருக்குக் கொடுத்தது இன்னும் வசதியான ஒரு பொய் அல்லவா?

விடுப்பில் போவதற்கு முதல் நாள், இனித் தள்ளிப்போட முடியாது என்பதால் ஜமீலாவிடம் சொல்லிவிட்டேன்.

"பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் நீங்க. பச்சக்கிளிய வீட்டுல வைக்கக் கூடாது. வனத்துறையில ஒப்படைக்கணும். இப்பவே எடம் மாத்துனா தாங்காது, அதனால மருந்து முடியட்டும். முடிஞ்சதும் ஒப்படைச்சிரணும்."

அவர் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்கு வெளிய ஒண்ணும் தெரியாது டாக்டர். பூனையப் பாத்தாக்கூட 'வா வா'ன்னு கூப்புடும். அங்க நல்லாப் பாத்துக்குவாங்களா?"

"பாத்துக்குவாங்க," என்றேன். அப்படிப்பட்ட இடத்தை நான் நேரில் பார்த்ததில்லை. பார்க்காமலே சொன்னேன்.

"அந்த வீட்டுல சொல்றேன் டாக்டர்," என்றார்.

பிறகு என் பிரசவம், பால், தூக்கமில்லாத நாட்கள். நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. சென்ற வாரம் ஒரு பிற்பகலில் அவரே அழைத்தார். பிள்ளை எப்படி இருக்கிறான், யார் சாயல், பால் குடிக்கிறானா என்றெல்லாம் கேட்டார். மகளுக்கு இந்த மழையில் இழுப்பே வரவில்லை என்றார். நெல்லை இந்த முறை ஈரத்தோடு வீட்டுக்குள் விடவில்லையாம்.

பேசிக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டில் வேறொரு கைபேசி ஒலித்தது. உடனே அதற்கு மேல் இன்னொரு சத்தம். கரடுமுரடாக, நடுவில் உடைந்து, ஆனால் முழுதாக.

"அத்தா போனு! அத்தா போனு!"

ஜமீலா பேச்சை நிறுத்திவிட்டார். அந்தச் சத்தத்தில் என் மடியிலிருந்த பிள்ளைகூட விழித்துக்கொண்டான்.

"பக்கத்து வீட்டுச் சத்தம் டாக்டர்," என்றார் கடைசியில்.

"நல்லாக் கேக்குது," என்றேன். "எப்பலேருந்து?"

"ரெண்டு நாளாத்தான். மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லணும்னு…" என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

மருந்து எப்போதோ முடிந்திருக்கும். அதை அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. வாக்குக் கொடுத்தது பக்கத்து வீடு. நினைவூட்ட வேண்டியவள் நான். அவர் என்னைக் கூப்பிட்டது என் பிள்ளையை விசாரிக்கவா, அந்தச் சத்தத்தைக் கேட்கவைக்கவா, இல்லை, இனி என்ன செய்வது என்று நானே சொல்வேன் என்று எதிர்பார்த்தா?

இன்னும் சில வாரங்களில் பணிக்குத் திரும்புகிறேன். கேட்காமல் விட்டால், சட்டம் தெரிந்த அரசு மருத்துவராக நான் தவறுகிறேன். கேட்டால், அந்தத் தெருவில் அடுத்த கிளிக்கு மூச்சு முட்டும்போது யாரும் மருந்தகத்துக்கு வர மாட்டார்கள். அடுத்த வீட்டுக் கூடத்தில் இருமுகிற பிள்ளையையும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அந்தக் கிளிக்கு எது நல்லது என்பது மூன்றாவது கேள்வி. உண்மையில் அதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

நீங்கள் புதியவர்கள். சட்டத்தை என்னைவிடச் சமீபத்தில் படித்தவர்கள். கிளிகளை ஒப்படைக்கும் இடங்களைச் சிலர் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு எழுதுங்கள். உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்து, அதை எழுதத் தயக்கமாக இருந்தால், பக்கத்து மருந்தகத்து மருத்துவர் ஒருவருக்கு நேர்ந்தது என்று எழுதுங்கள். எனக்குப் புரியும்.